டீசல் கார் யாருக்கு?

நாமக்கல் லாரிக்காரர்களின் ஊர். இங்கே கார் பட்டறை வைத்துக்கொண்டு ‘பழைய டீசல் வண்டி வேண்டாம்’ என்றால் சிரிப்பார்கள். ஆனாலும், செகண்ட் ஹேண்ட் கார் பார்த்துத் தரச் சொல்லி வருகிறவர்களில் பாதிப் பேரிடம் அதைத்தான் சொல்கிறேன்.

மைலேஜ் எவ்வளவு என்றே எல்லோரும் கேட்கிறார்கள். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்று திருப்பிக் கேட்டால் யோசிக்கிறார்கள். 2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அந்த ஆசையில் ஊரே டீசல் கார் வாங்கியது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு விலக்கிக்கொண்டது. இன்று பெட்ரோல் 100, டீசல் 92 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15, டீசல் கார் 20 கிலோமீட்டர் கொடுத்தால், கிலோமீட்டருக்கு மிச்சம் 2 ரூபாய் சொச்சம். மாதம் 500 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஆயிரம் ரூபாய். இன்ஜெக்டர் நாலையும் மாற்ற வேண்டி வந்தால் சில வருட மிச்சம் ஒரே பில்லில் போய்விடும். டர்போ போனால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று. டீசல் காரை வாங்கியவர் ஓட்டுவதற்காகத்தான் வாங்கியிருப்பார். பத்து வருட டீசல் வண்டியின் மீட்டர் 60,000 காட்டினால் எனக்குச் சந்தேகம் வரும். கிளட்ச் பெடல் ரப்பரைப் பாருங்கள், வழவழவென்று தேய்ந்திருக்கும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, அதே துளைமேல் தலைகீழாக வைத்துப் பார்ப்பேன். மூடி குதித்து, குபுகுபுவென்று புகையும் வந்தால் உள்ளே தேய்மானம். கிளம்பு என்று கண்ணைக் காட்டிவிடுவேன்.

2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசலில் வேறு வம்பு. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் ஒன்று சைலன்சர் பாதையில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். பள்ளிக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போய்வந்த வண்டி ஒன்று பட்டறைக்கு வந்தது. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு, இழுவையே இல்லை. ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் அளவு கூடியிருந்தது. கரியை எரிக்கப் பீய்ச்சிய டீசல், எரியாமல் ஆயிலில் இறங்கியிருந்தது.

பெட்ரோலும் சுத்தத் தங்கம் இல்லை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்று கார்கள் வரத் தொடங்கியது 2023-ல்தான். அதற்கு முந்தைய வண்டியென்றால் எரிபொருள் ஹோஸ், ரப்பர் சீல்களைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். இதெல்லாம் சின்னச் செலவு.

தினமும் சேலம், ஈரோடு என்று ஓடுகிறவருக்கு டீசல்தான் சரி. ஸ்விஃப்ட், ரிட்ஸ், விஸ்டாவில் வந்த அந்த 1248 சி.சி. இன்ஜினை நன்றாகப் பராமரித்த ஒரே ஓனரிடம் கண்டால் நானே வாங்கச் சொல்வேன். மாருதி 2020-ல் டீசலை விட்டுவிட்டாலும் உதிரிபாகம் கிடைக்கிறது, எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அது அத்துப்படி.

மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டாதவர்கள் பெட்ரோலே வாங்குங்கள். எதுவானாலும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் சொல்லாமல் போங்கள்.