கண்ணாடியில பிழை இல்லை

ஷவரை நிப்பாட்டிப்போட்டுத் துவாயை எடுக்கிறீர்கள். கண்ணாடி இருக்கிறது, முகம் தெரியவில்லை. கையால் துடைத்தால் ஒரு நிமிசத்தில் திரும்பவும் மூடுது. ஃபோனைத் திறந்தால் ஆயிரம் வைத்தியம்: சவர்க்காரம் பூசு, ஷேவிங் ஃபோம் தடவு, கண்ணாடிக்குப் பின்னால் ஹீட்டர் பூட்டு.

இவை வேலை செய்யாது எண்டு நான் சொல்ல வரவில்லை. சூடான ஈரவளி குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நுண்ணிய துளிகளாக ஒடுங்குகிறது. துளிகள் ஒளியைச் சிதறடிக்க, கண்ணாடி வெள்ளையாய்ப் போகிறது. சவர்க்காரம் பூசினால் துளிகள் பரந்து மெல்லிய படலமாகும். முகம் தெரியும்.

ஆனால் அந்தத் தண்ணி எங்கே போனது? எங்கேயும் போகேல்லை! சீலிங்கில, டைல்ஸ் இடுக்கில, கதவு நிலையில இருக்கு.

வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த அறையின் பாத்ரூமுக்கு யன்னலும் இல்லை, எக்ஸோஸ்ட் ஃபேனும் இல்லை. மூன்றாம் மாதம் சீலிங் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். கூட இருந்த நண்பனுக்கு இழுப்பு. வீட்டுக்கார அங்கிளிட்டச் சொன்னன், கண்ணாடியும் மூடுது, சீலிங்கும் கறுக்குது எண்டு. "கண்ணாடிக்குக் கொஞ்சம் சவர்க்காரம் பூசுங்கோ தம்பி" என்றார். சீலிங்குக்குப் பதில் வரவில்லை.

என் கோபம் இந்தப் பதிலோடுதான். கட்டினவர் விட்ட பிழைக்கு, குடியிருக்கிறவர் ஒவ்வொரு நாளும் சவர்க்காரம் பூச வேண்டுமாம். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இழுப்பும் சுவாச வருத்தங்களும் கூடுவதை உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே வழிகாட்டி நூலாக வெளியிட்டுச் சொல்லிவிட்டது. இது முகம் பார்க்கிற பிரச்சினை இல்லை, மூச்சு விடுகிற பிரச்சினை.

"இந்த வெக்கையில சுடுதண்ணி ஏன்?" என்பார்கள். பச்சைத்தண்ணியில் குளித்தாலும் சுவரும் நிலமும் நனையத்தானே செய்யும். 30 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் வளி ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். கொழும்பு வளியில் அதில் பெரும்பங்கு ஏற்கெனவே நிரம்பியிருக்கும். வளி வெளியே போக வழியில்லாவிட்டால் நனைந்தது காயாது. கிணற்றடியில் குளித்த காலத்தில் இந்தக் கதையே இல்லை, ஏனென்றால் அங்கே கூரையே இல்லை.

அடுத்த சாட்டு: "பொம்பிளைப் பிள்ளையள் குளிக்கிற இடம், யன்னல் வைக்கேலாது." சீலிங்குக்குக் கிட்ட, ஆள் உயரத்துக்கு மேல ஒரு சின்ன லூவர் வைத்தால் யார் எட்டிப் பார்ப்பது? மானத்தைச் சாட்டிக் காசை மிச்சம் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே, அறை பார்க்கப் போனால் அட்வான்ஸ் கொடுக்க முதல் பாத்ரூமுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். ஃபேன் இருந்தால் போட்டு, ஒரு டிசுவைப் பிடித்துப் பாருங்கள். ஒட்டி நிண்டால்தான் இழுக்குது. கதவுக்குக் கீழே இடைவெளி இருக்கா? உள்ளே வளி வராமல் எந்த ஃபேனும் இழுக்காது. இரண்டும் இல்லையென்றால் பூட்டித் தரச்சொல்லிக் கேளுங்கள், வெக்கப்படாமல். அது சலுகை இல்லை. வாடகை குடுக்கிறது நீங்கள்.

சவர்க்காரத்தை உடம்புக்கு வைத்திருங்கள்.