முக்கால் மணி நேரம் என்னும் தப்புக் கணக்கு

"நெய்வேலியில் விமானம் வந்துவிட்டால் சென்னை நமக்கு முக்கால் மணி நேரம்தான்." 2017-இல் சிறு ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தின் முதல் சுற்றில் நெய்வேலியின் பெயர் வந்த நாளிலிருந்து சிதம்பரம், கிள்ளைப் பக்கம் இந்தப் பேச்சு ஓயவில்லை. படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். இது தப்புக் கணக்கு.

நெய்வேலிக்கும் சென்னை விமான நிலையமான மீனம்பாக்கத்துக்கும் வான்வழியில் சுமார் 170 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து வகுத்தால் கால் மணி நேரம்கூட வராது. ஆனால் அந்த வேகம் பெரிய ஜெட் விமானம் நெடுந்தூரத்தில், உச்சியில் பறக்கும்போது எட்டுவது. குறுந்தூரத்தில் ஏறி முடிவதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். சென்னை–திருச்சி வான்வழியில் 300 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போடுகிறார்கள். ஓடுதளம் வரை ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

சரி, முக்கால் மணி என்றே வைத்துக்கொள்வோம். கிள்ளையிலிருந்து சிதம்பரம், சேத்தியாத்தோப்பு வழியாக நெய்வேலி போக ஒன்றரை மணி நேரம். சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போயாக வேண்டும். இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணி, மீனம்பாக்கத்திலிருந்து எழும்பூருக்கு இன்னொரு முக்கால் மணி. கூட்டினால் நாலரை மணி நேரம். சிதம்பரத்தில் ரயிலேறினாலும் எழும்பூருக்கு ஏறத்தாழ அவ்வளவுதான் ஆகிறது, அதுவும் விமானக் கட்டணத்தில் ஒரு சிறு பங்குக்கு.

வரைபடத் தூரம் வேறு, போகும் தூரம் வேறு என்பது கிள்ளைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழையாறு துறைமுகம் நேர்கோட்டில் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. நடுவே பிச்சாவரத்துக் கழிமுகமும் கொள்ளிடமும். சாலையில் போவதென்றால் சிதம்பரம் போய், கொள்ளிடம் பாலம் தாண்டி, திரும்பக் கடலை நோக்கி வரவேண்டும். இரண்டு மூன்று மடங்கு சுற்று. வானத்தை மட்டும் ஏன் விதிவிலக்காக நினைக்கிறோம்?

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களையும் டிக்கெட் இப்படித்தான் குழப்புகிறது. நள்ளிரவு 12 மணிக்குத் திருச்சியில் புறப்பட்டால் காலை ஆறரைக்கு சிங்கப்பூர் என்று அச்சாகியிருக்கும். பறப்பது நாலு மணி நேரம். மீதி இரண்டரை மணி கடிகார வித்தியாசம். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகத் திருச்சியில் இருக்க, கிள்ளையில் மாலையே பை தூக்க வேண்டும். இதை டிக்கெட் சொல்லாது.

விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரட்டும். ஆனால் அந்த முக்கால் மணிக் கனவில் நாம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டோம் என்பதுதான் என் ஆத்திரம். விழுப்புரம்–மயிலாடுதுறை தடம் 2010-இல் அகலப்பாதை ஆனது. ஆனால் ஒற்றைப் பாதையாகவே இருக்கிறது. எதிரே வண்டி வந்தால் கிராஸிங்குக்காக நிற்க வேண்டியதுதான். கிள்ளை நிலையத்தில் பயணிகள் வண்டிதான் நிற்கிறது. விரைவு வண்டிக்குச் சிதம்பரம் ஓட வேண்டும். மீன் கூடையோடு வருகிறவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவரும் நம்பியிருப்பது இந்தத் தடத்தைத்தான்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர் விமானத்தைப் பற்றிப் பேசினால், இரட்டைப் பாதை எப்போது என்று கேளுங்கள். கிள்ளையில் ஒரு விரைவு வண்டியாவது நிற்குமா என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.