தலைமைத்துவக் கோச்சிங் லைன் சூப்பர்வைசரிடமிருந்து தொடங்கட்டும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பணியாளர் நலன், பயிற்சி, உற்பத்தி மேற்பார்வை ஆகிய பொறுப்புகளில் இருப்பவர்களின் சங்கம் எங்களுடையது. தலைமைத்துவக் கோச்சிங் தொழிற்சாலைக்குத் தேவையா, யாருக்குத் தேவை என்று முதலாளிகளும் எங்கள் உறுப்பினர்களும் கேட்கிறார்கள். தேவை என்பதே எங்கள் பதில். அதை மேல்மாடி அலுவலகத்தில் தொடங்கக் கூடாது. தையல் லைனில் நிற்கும் சூப்பர்வைசரிடமிருந்து தொடங்க வேண்டும்.

எதைச் சொல்கிறோம்?

கோச்சிங் என்றால் நம் ஊரில் நீட் வகுப்புதான் நினைவுக்கு வரும். நாங்கள் சொல்வதில் வகுப்பும் இல்லை, பாடமும் இல்லை. அனுபவமுள்ள ஒருவர் சூப்பர்வைசரோடு லைனில் நின்று அவர் வேலை வாங்கும் விதத்தைக் கவனிக்கிறார். பிறகு தனியே உட்கார்ந்து கேள்வி கேட்கிறார். விடையைச் சூப்பர்வைசரே கண்டுபிடிக்கிறார். அடுத்த வாரம் அதைச் செய்துபார்த்துவிட்டு மறுபடி உட்காருகிறார்கள். அவ்வளவுதான்.

ஏன் சூப்பர்வைசர்?

ஓவர்லாக்கில் கை வேகம் உள்ளவரைத்தான் நாம் சூப்பர்வைசர் ஆக்குகிறோம். நேற்றுவரை ஒரு மிஷினைப் பார்த்துக்கொண்டவர், இன்று நாற்பது பேரைப் பார்க்க வேண்டும். தைக்கத் தெரிந்தவருக்கு வேலை வாங்கவும் தெரியும் என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். அவருக்கு முன்னிருந்தவர் கத்தினார்; இவரும் கத்துகிறார்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் நேரில் பார்த்ததைச் சொல்கிறோம். டி-ஷர்ட் லைன். கழுத்து ரிப் வைக்கும் இடத்தில் பீஸ் தேங்கியது. சூப்பர்வைசராகி இரண்டு மாதமே ஆன இளம்பெண், தன்னைவிட வயதில் மூத்த டெய்லரை லைனே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார். டெய்லர் வாய் திறக்கவில்லை. அன்று மாலை செக்கிங் மேசையிலிருந்து பாதிக்கு மேல் பீஸ்கள் ஆல்டருக்கு, அதாவது திருத்தித் தைக்க, திரும்பின. மறுநாள் எங்கள் உறுப்பினர் அந்தப் பெண்ணிடம் மூன்று கேள்விகள் கேட்டார்: "என்ன பார்த்தீங்க? அவங்ககிட்ட என்ன கேட்டீங்க? அவங்க என்ன சொன்னாங்க?" இரண்டாவது கேள்வியிலேயே அந்தப் பெண் தயங்கி நின்றுவிட்டார். அவர் எதையும் கேட்டிருக்கவில்லை.

அன்றைக்கே அந்தப் பெண் டெய்லர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க்கா, ரிப்பு ஏன் சுருக்கம் விழுகுது?"

"ரிப்பே அளவு பத்தலை கண்ணு. கட்டிங்லயே கால் இஞ்சு கம்மியா வருது. இழுத்து இழுத்துத்தான் வெக்கறேன்."

பழுது கட்டிங்கில் இருந்தது. டெய்லருக்கு அது முதல் பண்டலிலேயே தெரியும். சொல்ல இடமில்லாததால் சொல்லவில்லை. கோச்சிங்கின் முதல் பலனாக நாங்கள் கருதுவது இதைத்தான். திட்டு விழும் லைனில் பழுது செக்கிங்கில்தான் தெரியவரும், சில நேரம் ஷிப்மென்ட் போன பிறகு பையர் சொல்லித் தெரியவரும். கேட்கிற சூப்பர்வைசர் இருக்கும் லைனில் அது மிஷினிலேயே தெரிந்துவிடும்.

சான்றுகள்

இது புதிய எண்ணம் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசு, தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்காக 'டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி' என்ற திட்டத்தை நடத்தியது. 16 லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் தேறினார்கள். வேலை கற்றுத்தருவதற்கும் வேலை முறையைச் சீராக்குவதற்கும் இணையாக, ஆட்களோடு பழகும் முறைக்கும் தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். போருக்குப் பின் ஜப்பானும் அதை எடுத்துக்கொண்டது.

ஆயத்த ஆடைத் தொழிலிலேயே சான்று உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சர்வதேச நிதிக் கழகமும் சேர்ந்து நடத்தும் 'பெட்டர் வொர்க்' திட்டத்தை டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தார்கள். மேற்பார்வைத் திறன் பயிற்சி பெற்ற பெண் சூப்பர்வைசர்களின் லைன்களில் உற்பத்தித்திறன் 22 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். கூகுள் நிறுவனம் தன் மேலாளர்களை ஆராய்ந்து நல்ல மேலாளரின் எட்டுப் பண்புகளைப் பட்டியலிட்டபோது, நல்ல கோச்சாக இருப்பது முதலிடத்திலும் தொழில்நுட்பத் திறன் கடைசியிலும் வந்தன. நாம் ஆளை உயர்த்தும் வரிசை இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

எதற்கு இது மாற்றாகாது?

சம்பள உயர்வுக்கும் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைக்கும் கோச்சிங் மாற்றாகாது. எட்டவே முடியாத டார்கெட்டை வைத்துவிட்டு, சூப்பர்வைசர் பொறுமையாகப் பேசட்டும் என்பது நியாயமில்லை. பாலியல் தொந்தரவுப் புகார் வந்தால் அது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவுக்குத்தான் போக வேண்டும். "அவருக்குக் கோச்சிங் கொடுக்கிறோம்" என்று புகாரை மூடுவதை எங்கள் சங்கம் ஒருபோதும் ஏற்காது.

நாங்கள் கோருவது

1. சூப்பர்வைசராக உயர்த்தப்படும் ஒவ்வொருவருக்கும் முதல் ஆறு மாதம், வாரம் அரை மணி நேரமாவது கோச்சிங் வேண்டும். அது ஷிப்ட் நேரத்துக்குள், சம்பளத்தோடு நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையைப் பறிக்கக் கூடாது.

2. இருவரும் பேசுவது இருவருக்குள் இருக்க வேண்டும். இன்கிரிமென்ட் ஃபைலுக்குப் போகும் என்று தெரிந்தால் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

3. லைனில் பெரும்பாலோர் பெண்கள். சூப்பர்வைசர் இடத்துக்குப் பெண்களை உயர்த்துவதும், உயர்ந்தவர்களுக்குத் துணை நிற்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

4. பீகார், ஒடிசா, ஜார்கண்ட் தொழிலாளர்கள் உள்ள லைன்களில், அவர்கள் மொழியில் நாலு வார்த்தை கேட்கவும் புரிந்துகொள்ளவும் சூப்பர்வைசருக்குக் கற்றுத்தர வேண்டும்.

5. பலனைப் புரொடக்ஷனில் மட்டும் அளக்கக் கூடாது. ஆல்டர், லீவு, வேலையை விட்டு நின்றவர்கள் ஆகிய கணக்குகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

"நாற்பது மிஷின் வைத்திருப்பவன் கோச்சுக்கு எங்கே போவது?" என்று சிறு கம்பெனி முதலாளிகள் கேட்பது நியாயமே. பக்கத்துப் பக்கத்து யூனிட்டுகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். போர்க்கால அமெரிக்கத் திட்டமும், தேறியவர்களே அடுத்தவர்களைத் தயாரிக்கும் முறையில்தான் பரவியது. எங்கள் மூத்த உறுப்பினர்கள் இதற்குத் தங்கள் நேரத்தைத் தரத் தயாராக இருக்கிறார்கள்.

முதலாளிகளுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். புது மிஷின் வாங்கினால் அதை ஓட்டிக் காட்ட ஆள் வரும்வரை காத்திருக்கிறோம். நாற்பது பேரை ஒருவரிடம் ஒப்படைக்கும்போதும் அதே அக்கறையைக் காட்டுங்கள். அடுத்து நீங்கள் உயர்த்தப்போகும் சூப்பர்வைசரிடமிருந்தே தொடங்குங்கள்.