மாநகராட்சிக்கும் ஒரு நகல் பிரிவு வேண்டும்

சாதாரண ஜெராக்ஸ் தாளைச் சான்றிட்ட நகலாக மாற்றுபவை அதன் அடியில் இருக்கும் சில வரிகள்தான். ‘உண்மை நகல்’ என்ற குறிப்பு, தேதி, அலுவலரின் கையெழுத்து, அவருடைய பெயர், பதவி, அலுவலக முத்திரை. இவை விழுந்ததும் அந்தத் தாள் மூல ஆவணத்தின் இடத்தில் நிற்கும் தகுதியைப் பெற்றுவிடுகிறது. மூலக் கோப்பு அலமாரியை விட்டு நகராமலே அதில் இருப்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம். பக்கத்து மனையில் எழும் கட்டடத்துக்கு எத்தனை மாடிக்கு அனுமதி கொடுத்தார்கள், தெருவில் போட்ட சாலைக்கு எந்த அளவு காட்டிப் பணம் பட்டுவாடா ஆனது, வீட்டு வரி எந்தக் கணக்கில் ஏறியது என்று கேட்கிறவருக்கு வேண்டியது இந்தத் தாள்தான். அலுவலர் வாயால் சொல்லும் பதிலை வைத்து யாரும் மேல்முறையீடு செய்ய முடியாது. அதனால், சான்றிட்ட நகல் கைக்கு எட்டாத ஊரில் குடிமக்களின் மற்ற உரிமைகளும் பாதியாகிவிடுகின்றன.

இந்த நகலைத் தருவது அலுவலரின் கடமை என்று சட்டம் சொல்லி ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் 76-ஆம் பிரிவில் அதை வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் அதே விதி 75-ஆம் பிரிவாக இருக்கிறது. பொது ஆவணத்தைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் அலுவலர், அதைப் பார்வையிட உரிமை உள்ளவர் கேட்டால், உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு சான்றிட்ட நகல் தந்தாக வேண்டும். இதில் ‘பார்வையிட உரிமை உள்ளவர்’ என்ற சொற்கள்தான் நீண்ட காலம் தடையாக நின்றன. ‘நீங்கள் யார், உங்களுக்கு எதற்கு?’ என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. ஆவணங்களைப் பார்வையிடுவதும் சான்றிட்ட நகல் பெறுவதும் குடிமக்களின் உரிமை என்கிறது அதன் 2(ஒ) வரையறைப் பகுதி. காரணம் கேட்கக் கூடாது என்கிறது 6-ஆம் பிரிவு. இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் படித்தால், விலக்குக்கு உட்படாத எந்த மாநகராட்சி ஆவணத்துக்கும் நகல் கேட்க எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு என்றே ஆகிறது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? பிறப்பு, இறப்புச் சான்றிதழ் போன்ற சிலவற்றைத் தாண்டி எதைக் கேட்டாலும், குடிமக்களுக்குத் தெரிந்த வழி தகவல் உரிமை மனு ஒன்றுதான். 10 ரூபாய் கட்டணம், பக்கத்துக்கு 2 ரூபாய் என்பது எளியவருக்கும் கட்டுப்படியாகும் செலவு. ஆனால் காலம்தான் கட்டுப்படியாகவில்லை. சட்டம் ‘இயன்ற அளவு விரைவாக, எப்படியும் 30 நாளுக்குள்’ என்கிறது. அந்த உச்ச வரம்பையே வழக்கமான கெடுவாக எடுத்துக்கொண்டால் ஒரே ஒரு பக்கத்துக்கும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கு 30 முதல் 45 நாள். அதற்கும் பலன் இல்லையென்றால் தகவல் ஆணையம். அங்கே இரண்டாம் மேல்முறையீட்டை முடிக்கச் சட்டத்தில் நாள் கணக்கே கிடையாது. அதற்குள் பக்கத்து மனைக் கட்டடம் மேல்மாடி வரை எழும்பிக் குடியேற்றமும் முடிந்துவிடும். தகவல் உரிமைச் சட்டம் மறுக்கப்பட்டவருக்குக் கடைசித் துணையாக இருக்க வேண்டியது. அதையே முதல் வாசலாக்கியது நிர்வாகத்தின் பிழை.

வேறு வழி சாத்தியமா என்று கேட்பவர்கள் அரசின் மற்ற அலுவலகங்களைப் பார்க்கலாம். நீதிமன்றங்களில் நகல் பிரிவு என்றே தனியாக ஒன்று உண்டு. நகல் மனு போட்டு, கட்டணம் கட்டி, தீர்ப்பின் நகலை வாங்குவது அங்கே அன்றாட வேலை. பதிவுத்துறை வில்லங்கச் சான்றையும் பதிவான பத்திரங்களின் சான்றிட்ட நகலையும் இணையவழியில் தருகிறது. பட்டா, சிட்டா வீட்டிலிருந்தே கிடைக்கின்றன. சென்னை மாநகராட்சியே பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களை இணையதளத்தில் தரவிறக்கிக்கொள்ள வைத்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுப் பத்திரமும் சான்றிதழ்களும் நனைந்து போனபோது அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி மாற்று நகல் வழங்கியது. இதே அக்கறையை மன்றத் தீர்மானங்களுக்கும், கட்டட அனுமதிக்கும், பணி ஆணைக்கும், ஒப்பந்த வேலையின் அளவுப் புத்தகத்துக்கும், சொத்து வரி மதிப்பீட்டுக்கும் விரிப்பதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. மின்னணுக் கையொப்பத்துக்கும் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலேயே ஏற்பு இருக்கிறது.

தனிநபர் விவரம் வெளியே போய்விடும், கேட்பவர்கள் மிரட்டிப் பணம் பறிப்பார்கள் என்பது முதல் மறுப்பு. அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆதார் எண், கைபேசி எண், வங்கி விவரம் போன்றவை யாருடைய நகலிலும் தெரியக் கூடாது. அதற்குச் சட்டமே வழி சொல்கிறது: விலக்குக்கு உரிய பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்பது தகவல் உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு. கட்டட அனுமதியை ரகசியம் என்பது இனிப் பொருந்தாது. கட்டி முடியும் வரை ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கட்டுமான இடத்திலேயே காட்சிக்கு வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. மிரட்டலைப் பொறுத்தவரை, ஆவணம் எல்லோருக்கும் எளிதில் கிடைத்தால் மிரட்டுகிறவரின் கையில் இருக்கும் ஆயுதம் மழுங்கிப்போகும். சிலருக்கு மட்டும் கிடைக்கும் தாளுக்குத்தான் கள்ள விலை உண்டு.

ஆள் பற்றாக்குறை என்பது இரண்டாவது மறுப்பு. ஒரு பக்கத்துக்காகப் பொதுத் தகவல் அலுவலர் ஒரு பதிலும், மேல்முறையீட்டு அலுவலர் ஓர் ஆணையும் எழுதி, ஆணையத்தின் விசாரணைக்கும் நேரில் போகும் உழைப்பைக் கூட்டிப் பார்த்தால், முதல் நாளிலேயே நகல் தருவதுதான் சிக்கனம் என்பது விளங்கும். கோப்பு கிடைக்கவில்லை என்பதும் நகலை மறுக்கக் காரணமாகாது. ஆவணங்களை அட்டவணையிட்டுப் பராமரிப்பது தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு விதித்த கடமை. காணாமல் போன ஆவணத்துக்கு முழுமையான தேடுதலும் விசாரணையும் வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-லேயே சொல்லியிருக்கிறது.

செய்ய வேண்டியவை சில. ஒவ்வொரு மண்டல அலுவலகத்திலும் நகல் பிரிவு ஒன்று திறக்க வேண்டும். எந்த ஆவணத்துக்கு என்ன கட்டணம், எத்தனை நாள், கையெழுத்திடும் அலுவலர் யார் என்பதை வாசலில் பலகையாக எழுதி வைக்க வேண்டும். கணினியில் ஏற்றிய ஆவணத்துக்கு அன்றே நகல், பழைய கோப்புக்கு ஏழு நாள் என்று கெடு வைக்கலாம். கெடு தவறினால் கேட்டவருக்கு ஈடு கிடைக்க வேண்டும். கர்நாடகத்தின் சகாலா திட்டம் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் என்று அதற்கு ஒரு முன்மாதிரியை வைத்திருக்கிறது. மறுப்பதானால் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் தர வேண்டும். மாமன்றம் ஒரு தீர்மானத்தில் முடிக்கக்கூடிய தொடக்கம் இது. மாமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கொண்டுவர வேண்டும். வாக்களித்தவர்கள் தங்கள் வார்டு உறுப்பினரிடம் இதைக் கேட்க வேண்டும். கோப்பு மாநகராட்சியின் பொறுப்பில் இருக்கலாம். அதில் எழுதப்பட்டிருக்கும் ஊரும் செலவான பணமும் மக்களுடையவை.