தோண்டுமுன் அறிய வேண்டியது

இங்கிலாந்தின் வயல்வெளிகளில் உலோகங்காட்டும் கருவிகொண்டு பழம்பொருள் தேடும் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குவோர், எந்தக் கருவி சிறந்தது என்று விசாரிப்பதற்கு முன், 1992 நவம்பரில் சஃபோக் பிரதேசத்து ஹாக்ஸன் கிராமத்தில் நிகழ்ந்ததை அறிவது அவசியம் என்று கருதுகிறேன். குடியானவர் ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடச் சென்ற அவருடைய நண்பர், ரோமானியர் காலத்துப் பொன்னும் வெள்ளியும் வெளிப்படக் கண்டும், அனைத்தையும் வாரியெடுக்க முற்படாமல், சிலவற்றோடு நிறுத்தி அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். அதனாலன்றோ, மறுநாள் வந்த தொல்லியலார், ஏறக்குறைய 15,000 நாணயங்களோடு, அவற்றை அடக்கியிருந்த மரப்பெட்டி மட்கிப்போன சுவடுகளையும் கண்டறிய முடிந்தது! நிலச் சொந்தக்காரரின் அனுமதி இன்றியமையாதது. புதையலாயின் 14 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டுமென்பது 1996-ஆம் ஆண்டுச் சட்டம். சட்டத்துக்கு உட்படாத ஒற்றைச் செப்புக்காசாயினும், அது கிடைத்த இடத்தைக் குறித்து வட்டாரத் தொல்பொருள் அலுவலரிடம் காட்டுவதை ஆரம்பத்திலேயே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.