தாத்தாவோடு தாயம் ஆடுங்கள்!

வயதானால் மறதி வரும் என்று சொல்லுகிறோம். சொல்லிவிட்டு, வயதானவர்களை ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுகிறோம். கடைக்குப் போக வேண்டாம், கணக்குப் பார்க்க வேண்டாம், சும்மா இருங்கள் என்கிறோம்.

இது அன்புதான். ஆனால் நல்லது அல்ல! உடம்புக்கு உழைப்பு வேண்டும். அதுபோல மூளைக்கும் வேலை வேண்டும்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 75 வயதைத் தாண்டிய 469 பேரை டாக்டர்கள் பல ஆண்டுகள் கவனித்தார்கள். 2003-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. புத்தகம் படித்தவர்கள், பலகை விளையாட்டு ஆடியவர்கள், வாத்தியம் வாசித்தவர்கள், நடனம் ஆடியவர்கள் ஆகியோருக்கு மறதி நோய் குறைவாகவே வந்தது.

விளையாட்டுத்தான் அவர்களைக் காப்பாற்றியதா? அப்படி அடித்துச் சொல்ல முடியாது. புத்தி தெளிவாக இருந்ததால்தான் விளையாடினார்கள் என்றும் சொல்லலாம் அல்லவா? ஆனாலும், விளையாடுவதால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

நம் வீட்டு விளையாட்டுகள்

இதற்காகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பல்லாங்குழியில் 14 குழிகள். எந்தக் குழியில் காயை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று மனதுக்குள்ளேயே கணக்குப் போட வேண்டும்.

ஆடுபுலி ஆட்டத்தில் புலிகள் 3, ஆடுகள் 15. புலி பாய்வதற்கு முன்னால் ஆட்டுக்காரர் வழியை அடைக்க வேண்டும். தாயத்தில் எந்தக் காயை நகர்த்துவது, எதை வெட்டுவது என்று யோசிக்க வேண்டும். எல்லாமே மூளைக்கு வேலைதான்!

ஏமாறாதீர்கள்!

மூளை விளையாட்டு விற்ற ஓர் அமெரிக்கக் கம்பெனி, வயதானவர்களின் மறதியைத் தள்ளிப்போடலாம் என்று விளம்பரம் செய்தது. அதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு அரசு வழக்குத் தொடுத்தது. 2016-ல் அந்தக் கம்பெனி 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஆகவே, "மறதியே வராது" என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

எதிரே யார்?

பலகை இருந்தால் மட்டும் போதுமா? எதிரே உட்கார ஓர் ஆள் வேண்டும். மருத்துவ நிபுணர்கள் 2024-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, மறதி நோய்க்கு வழிவிடும் 14 காரணங்களைச் சொல்லுகிறது. ரத்த அழுத்தம், நீரிழிவு, காது கேளாமை ஆகியவற்றோடு தனிமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தனிமைக்கு மருந்துக் கடையில் மாத்திரை கிடையாது. அதைப் போக்க வேண்டியவர்கள் நாம்தான்.

பாட்டி தப்பாக எண்ணினால் சிரிக்காதீர்கள். பாவம் என்று விட்டுக்கொடுத்தும் ஆடாதீர்கள். அவர் கண்டுபிடித்துவிடுவார்!

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கண்ணாடியை வைத்த இடம் மறந்தால் கவலை இல்லை. பழகிய தெருவில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றால், உடனே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்த இடத்தில் விளையாட்டு வைத்தியம் ஆகாது.

பரண்மேல் கிடக்கும் பல்லாங்குழியைக் கீழே இறக்குங்கள். தூசியைத் தட்டுங்கள். முதல் ஆட்டத்தைப் பாட்டியே ஆரம்பிக்கட்டும்!