உலைவாயும் ஊர்வாயும்

உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பது நம் முன்னோர் பட்டறிவு. வேல்சு நாட்டில் போர்ட்டு தால்பட்டு என்னும் எஃகு நகரத்திலோ அம்மூதுரை பொய்த்துப் போயிற்று. அங்கே ஊர்வாய்தான் முதலில் மூடப்பட்டது. உலைவாய் அதன்பின் மூடப்பட்டது.

அவ்வூரின் கிழமைத்தாளாகிய 'போர்ட்டு தால்பட்டு கார்டியன்' 2009-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அஃது ஊரார் உடைமையன்று. இலண்டனில் தலைமையிடங் கொண்ட திரினிட்டி மிர்ரர் என்னும் பெருங்குழுமத்தின் உடைமை. எங்கோ ஒரு மேசையின்மேல் கணக்கேட்டில் கோடு ஒன்று கிழிக்கப்பட்டது. ஓர் ஊர் ஊமையாயிற்று! அந்நிலையைப் பொறாத செய்தியாளர் சிலர் 2010-இல் கூட்டுறவு முறையில் 'மேக்னெட்டு' என்னும் இதழைத் தொடங்கினர். காந்தம் என்பது அதன் பொருள். எஃகூருக்கு ஏற்ற பெயரே! சில ஆண்டுகள் அஃது அச்சிலும் வெளிவந்தது. ஊதியம் பெரிதும் கருதாது உழைத்தார்கள். ஆயினும் வருவாய் போதாமல் 2016-இல் அவ்விதழ் நின்றது. இதழ் நடத்துவார் படும் பாடு இவ்வெழுத்துகளைப் படிக்கும் அன்பர்கட்கு விளக்க வேண்டுவதொன்றன்று.

அவ்விதழை நடத்தியவருள் ஒருவராகிய இரேச்சல் அவெல்சு அம்மையார், தாளிழந்த அந்நகரையே கார்டிப் பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பொருளாக்கினார். 1970 தொட்டு அவ்வூர் பற்றிய செய்திகள் எவ்வாறு தேய்ந்தன என்பதும், செய்தித்தாள் இல்லாத விடத்துப் புரளியே செய்தியாகிவிடும் கொடுமையும் அதனால் வெளிப்பட்டன. ஆள்வோர்க்கும் ஆலை முதலாளியர்க்கும் இதனினும் வாய்ப்பான நிலை வேறென்ன வேண்டும்?

அவ்வாலையை 2007-இல் வாங்கியது மும்பையிலிருந்து இயங்கும் தாட்டா குழுமம். மேக்னெட்டு நின்ற அதே 2016-இன் முதல் திங்களில், அவ்வாலையில் 750 வேலைகள் ஒழிக்கப்படும் என்று அக்குழுமம் அறிவித்தது. 2024 சூலையில் ஓர் ஊதுலை அவிந்தது. அவ்வாண்டு செபுதம்பர் 30-ஆம் நாள் மற்றதும் அவிந்தது. ஏறத்தாழ 2,000 பேர் வேலை போயிற்று. மின்னுலை ஒன்று கட்டுதற்கென ஆங்கில அரசு குழுமத்திற்கு வழங்க ஒப்பியதோ 50 கோடிப் பவுண்டு! பெருமுதலாளிக்கு நாடும் இல்லை, மொழியும் இல்லை. இலாபம் ஒன்றே அவன் தாய்மண்.

ஊர்த்தாள் ஒன்று என்ன செய்துவிடும் என்று கேட்பார் உளர். அதே வேல்சில் செங்கெனித்து என்னும் ஊரில் 1913 அக்தோபர் 14-ஆம் நாள் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர் மாண்டனர். மீட்கச் சென்ற ஒருவரும் மாண்டார். பின்னர் நடந்த வழக்கில் சுரங்க மேலாளர்க்கு விதித்த தண்டம் 24 பவுண்டு. செய்தித்தாள் ஒன்று அத்தொகையை மாண்டோர் தொகையால் வகுத்துக் காட்டிற்று: ஓர் உயிருக்கு ஒரு சில்லிங்கும் ஒன்றேகால் பென்னியும்! வெறும் வகுத்தல் கணக்குத்தான். ஆனால் நூறாண்டு கடந்தும் அக்கணக்கை வேல்சு மக்கள் மறந்திலர். வழக்குமன்றத்தில் போய் உட்காரவும் எழுதவும் ஓர் ஆள் இருந்தமையாலன்றோ அது நேர்ந்தது!

இனி, நம்மனோர் உன்னிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஆங்கிலத்தின் அழுத்தத்தால் நலிந்த தம் மொழியைக் காக்க வேல்சு மக்கள் 1973-இல் கார்டிப் நகரில் 'அ தினேசித்து' என்னும் வட்டாரத்தாளைத் தொடங்கினர். அதனைப் பின்பற்றி ஐம்பதுக்கு மேற்பட்டவை எழுந்தன. முற்றும் வேல்சு மொழி. ஊதியமின்றித் தொண்டரே எழுதி, மடித்து, வீடுதோறும் கொண்டு கொடுத்தனர். அம்மான் பள்ளத்தாக்கின் கரிச்சுரங்க மக்கள் தம் தாளுக்குக் 'குளோ மான்' என்று பெயரிட்டனர். பொடிக்கரி என்பது பொருள். சுரங்கத்துச் சொல் சுரங்கத்தோடு மாயாமல் தாளின் முகப்பில் ஏறியது கண்டு நெஞ்சம் குளிர்கின்றது.

எனினும் ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். அவ்வட்டாரத் தாள்கள் பிறப்பு, இறப்பு, மணம், கலைவிழா ஆகியவற்றை நிரம்ப எழுதின. ஆலையையும் மன்றத்தையும் எதிர்த்துக் கேள்வி கேட்பதற்குப் பெரும்பாலும் தயங்கின. கேள்வி கேட்ட மேக்னெட்டோ ஆங்கிலத்தில் வந்தது. மொழி ஒரு தாளிலும் சோறு வேறொரு தாளிலுமாகப் பிரிந்து நின்றன. தன் மொழியில் தன் கூலியைப் பற்றிப் படிக்கும் வாய்ப்பு அவ்வெஃகுத் தொழிலாளிக்கு எங்கே கிடைத்தது? மொழிக்காகத் தாளிகை நடத்துவோர், உலை அவியும் நாளில் வாளா இருப்பரேல், அம்மொழியைப் பேசும் வாய்கள் வேலை தேடி ஊர்விட்டுப் போகும். பிறகு எவர்க்காக அச்சிடுவது?

புதிய மின்னுலையின் கட்டுமானம் 2025 சூலையில் தொடங்கிற்று. பழைய உலைக்கு வேண்டிய அளவு ஆள் அதற்கு வேண்டா. வேலையிழந்தோருள் எத்துணைப் பேர்க்கு அதில் இடம், 50 கோடிப் பவுண்டில் எத்துணை ஊருக்குள் வந்தது என்று கிழமைதோறும் கேட்டு எழுதுதற்கு மேக்னெட்டு இன்று இல்லை.